மில்லில் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன், பெரியவர் பேரை எழுதிக் கொடு என்கிறார்கள்

கோரையாறு
திங்கள், இரவு 10.15

மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறேன். மில் பேர் வேண்டாம். படித்தது டிப்ளமோ, சேர்ந்தது எடைமேடையில் சீட்டு எழுத. அப்புறம் ஊறல் தொட்டி, அவியல், டிரையர், ஷெல்லர் என்று எல்லாப் பக்கமும் நின்றாகிவிட்டது. சமீபத்தில் ராத்திரி ஷிப்ட்டுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.

டிரையரில் நிற்பவர் எனக்குப் பெரியப்பா முறை. சொந்தப் பெரியப்பா இல்லை, எங்கள் தெரு. மில் தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஈரம் பார்க்கிற மீட்டர் மேஜையில் இருக்கும். அவர் அதைத் தொடுவதற்கு முன்னால் நாலு நெல்லை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று ஒடிந்தால் சரி, அமுங்கினால் இன்னும் ஓட்டணும். டிரையரைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது.

விஷயம் இதுதான். ஒரு லோடு புழுங்கலரிசியில் நொய் அதிகம் விழுந்துவிட்டது. வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். ஏன் உடைந்தது என்று எனக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். அவித்த நெல்லை ஒரே மூச்சில் காயவைக்கக் கூடாது. முதல் ஓட்டத்தில் 18, 20 சதவீத ஈரம் வரைக்கும் இறக்கி, தொட்டியில் சில மணி நேரம் ஆறப்போட்டு, இரண்டாவது ஓட்டத்தில்தான் 14க்குக் கொண்டுவரணும். அன்றைக்கு ஆறப்போடவில்லை. மறுநாள் லாரி ஏறணும், ஓட்டு ஓட்டு என்று முதலாளி போன் மேல் போன். "உடையும்டா தம்பி" என்று பெரியப்பா சொன்னார். அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். "ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது" என்றார். ஓட்டினோம்.

இப்போது, டிரையரில் நின்றது யார், பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்கிறார்கள். எழுதினால் அவர் வாரக் கூலியில் பிடிப்பார்கள். எழுதாவிட்டால் இவன் ஆள் மேய்க்க லாயக்கில்லை என்று என்னை மறுபடி எடைமேடைக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர் என்னை சார் என்று கூப்பிடணும், நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும் என்று மேனேஜர் சொல்கிறார். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர் எழுதுவதற்குத்தான் யோசனை கேட்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பத்து மா
திங்கள், இரவு 10.52

எழுதிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. நீங்கள் சுமந்தால் நாளைக்கு எல்லாத் தப்பும் உங்கள் தலையில்தான் வந்து உட்காரும்.

சூப்பர்வைசர் என்று வந்துவிட்டால் பெரியப்பா சித்தப்பா எல்லாம் மில் கேட்டுக்கு வெளியேதான். நான் பத்து மா வைத்துப் பயிர் செய்கிறவன். (வெளியூர்க்காரர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர்.) வரப்பில் நின்றுகொண்டு "அக்கா, கொஞ்சம் நெருக்கி நடுங்களேன்" என்று கெஞ்சினால் அந்த நடவு பதினைந்து நாளில் பல்லை இளிக்கும். கண்டிப்பாக ஒரு குரல் கொடுத்தால்தான் குத்துக்குக் குத்து இடைவெளி சரியாக வரும். கண்டிப்புக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தது சினிமா. வேலை வாங்கத் தெரியாதவன்தான் ஆளைக் கெடுப்பவன்.

இப்போது அதுவும் இல்லை என்பது வேறு கதை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகப் பேசிவிடுகிறோம், மேஸ்திரி ஆளைக் கூட்டி வருகிறார். இந்தக் குறுவைக்கு மேற்கு வங்கத்துப் பையன்கள் வந்தார்கள். என் பேச்சு மேஸ்திரியோடு சரி. பையன்களுக்கு என்ன கூலி போகிறது, எங்கே படுக்கிறார்கள், எனக்குத் தெரியாது. கேட்டால் மேஸ்திரிக்குப் பிடிக்காது.


பாமணி
செவ்வாய், காலை 6.34

பத்து மா அண்ணே, உங்கள் கடைசி வரி உங்களுக்கே உறுத்தவில்லையா? "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொள்ள வசதியாக ஒருவரை நடுவில் நிறுத்துவது நம் ஜில்லாவுக்குப் புதிதில்லை.

பெரிய பண்ணைகளில் மிராசுதார் பாதி நாள் ஊரிலேயே இருக்கமாட்டார். வயலில் நின்றது அவருக்காக வேலை வாங்குகிற காரியக்காரரும் தலையாரியும். சவுக்கடி, சாணிப்பால் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) என்று கீழத்தஞ்சைக் கிழவர்கள் சொன்னதெல்லாம் இவர்கள் கையால் நடந்தது. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் விவசாயிகள் சங்கம் கட்டியபோது கூலியோடு சேர்த்துக் கேட்டதே சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழிக்கணும் என்பதுதான். நினைத்த நேரத்தில் பண்ணையாளை விரட்ட முடியாதபடி 1952இல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். கூலித் தகராறு அது. மறு வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காரியக்காரருக்கே பெரிய நிலம் ஒன்றும் கிடையாது. மேலே சொன்னதைக் கீழே வாங்கித் தருகிற வரைக்கும்தான் அவர் வேலை. கோரையாறு தம்பியை இப்போது அந்த இடத்துக்குத்தான் தள்ளுகிறார்கள். சத்தமில்லாமல், ஒரு வெள்ளைத் தாளில்.

சரி, நேரடியாகப் பயன்படுகிற விஷயம். நஷ்டத்துக்குக் கூலியில் பிடிக்கணும் என்றால் அந்த நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ நேர்ந்ததாக இருக்கணும். பிடிப்பதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்கணும். நஷ்டத்தை விட அதிகம் பிடிக்கக் கூடாது. இது 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது, 2019இல் போட்ட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. முதலாளியே ஓட்டச் சொல்லி ஓட்டியது எப்படி டிரையர் ஆளின் தவறாகும்?


பத்து மா
செவ்வாய், காலை 7.10

எங்கே நடவு, எங்கே வெண்மணி! வரப்பில் குரல் கொடுத்ததற்கு என்னை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். சட்டம் சொன்னது நல்லது. ஆனால் மில்லில் போய்ச் சட்டம் பேசினால் அடுத்த வாரம் வேலை இருக்காது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


வடவாறு
செவ்வாய், காலை 9.20

நான் பாசனத் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குக் கீழே ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர்கள், எனக்கு மேலே உதவிப் பொறியாளர். நடுவில் இருப்பது என்ன என்று நன்றாகவே தெரியும்.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விட்டபின் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு தலைப்பில், அதாவது ஆறு பிரிகிற மதகில், ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்குகிறோமோ அதுதான் கீழே ஒரு ஊரின் நாற்றங்கால். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிகிற இடம். அந்த மாதிரி இடத்தில் ராத்திரி ஒரு லஸ்கர் தனியாக இருப்பார். டார்ச் லைட், ஷட்டர் சாவி, கேஜ் ரிஜிஸ்டர். இவ்வளவுதான்.

ஒரு வருஷம் தண்ணீர் கம்மி, முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தோம். கடைமடைக்காரர்கள் ராத்திரி டிராக்டரில் வந்து ஷட்டரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கோபம் நியாயமான கோபம், பயிர் காய்கிறது. லஸ்கர் எனக்குப் போன் பண்ண, நான் பொறியாளருக்குப் பண்ண, "கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்க, பார்த்துக்கலாம்" என்றார். தூக்கியாயிற்று. விடிந்ததும் மேல்மடைக்காரர்கள் அலுவலகத்தில். அதே பொறியாளர், "யார் தூக்கச் சொன்னது? அந்த லஸ்கருக்கு மெமோ கொடுங்கள்" என்றார். எந்தப் பிரிவு அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை.

நான் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். நேரம், எத்தனை அங்குலம், யார் சொல்லி என்று மூன்றும் என் கையெழுத்தில் ராத்திரியே எழுதியிருந்தது. எனக்கு ஒர்க் இன்ஸ்பெக்டர் வேலை பழக்கியவர் போட்டுத்தந்த வழக்கம் அது. போனில் வருகிற எந்த உத்தரவையும் எழுதாமல் கீழே கடத்தக் கூடாது. பொறியாளர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், மெமோவை மறந்துவிட்டார். என்னை ஒரு வருஷம் மறக்கவில்லை, அது கிடக்கட்டும்.

கோரையாறு, உங்களைப் பேர் எழுதச் சொன்னார்கள் இல்லையா? எழுதுங்கள். டிரையரில் இன்னார். ஷிப்ட் பொறுப்பு நான். ஆறப்போடாமல் ஓட்டினால் உடையும் என்று டிரையர் ஆள் சொன்னார், இத்தனை மணிக்கு முதலாளியிடம் தெரிவித்தேன், ஓட்டச் சொன்னார். எல்லாப் பேரையும் எழுதுங்கள், ஒரு பேரை மட்டும் எழுதாதீர்கள்.


கடைமடை
செவ்வாய், மதியம் 1.45

வடவாறு ஐயா, நீங்கள் ஷட்டரைத் தூக்கிய அந்த ராத்திரி டிராக்டரில் வந்தவர்களில் எங்கள் அப்பாவும் இருந்திருக்கலாம். எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். 🙂

பேர் எழுதுவது பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த சார் விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள். என் பட்டியலில் இருந்ததில் பாதிப் பேர் அத்தை, சின்னம்மா, ஆயா. ஒருத்தரும் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள, என் பேரப் போட்டியா?" அவ்வளவுதான்.

முன்னே காகிதத்தில் வருகை எழுதிய காலத்தில், தாமதமாக வந்த அத்தையைக் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து எல்லா இடத்திலும் செயலி கட்டாயம் ஆயிற்று. காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ, ஆள் படத்தில் நிற்கணும். டவர் இல்லாத குளத்துக்குள் நின்றுகொண்டு போனைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து சுற்றுவேன், வெயிலில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். ரேஷன் கடையில் நின்றுவிட்டு ஓடிவந்த அத்தை படத்துக்குள் வரவில்லை. அவருக்கு அன்றைய கூலி போச்சு. என்னைத் திட்டினார், என் அம்மாவைத் திட்டினார், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றுதான். முதல் நாளே எல்லாரையும் கரையில் உட்காரவைத்து எது என் கையில் இருக்கிறது, எது இல்லை என்று உரக்கச் சொன்னேன். போட்டோ நேரம் என் கையில் இல்லை. அளவு எடுக்கிற ஓவர்சியர் என் கையில் இல்லை. யாருக்கு எந்த இடத்தில் வெட்டு என்பது என் கையில். மழை பெய்து களி ஒட்டுகிற மூலையை வயசானவர்களுக்குக் கொடுக்கமாட்டேன், இளவட்டம் வாங்கிக்கொள்ளணும். முட்டிவலி ஆயாவுக்குத் தண்ணீர்க் குடம். இதில் முறைமாமன் மகள் என்று வந்தாலும் மாற்றமில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இதெல்லாம் நடந்தது. பத்து மா அண்ணன் சொல்கிற மாதிரி உறவை வெளியே நிறுத்தியிருந்தால் என் பேச்சை ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள். அத்தை கல்யாணத்துக்கும் வந்தார், மொய்யும் வைத்தார்.


சணல் சாக்கு
செவ்வாய், மாலை 6.05

நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். கோரையாறு எழுதியதைப் படித்தவுடன் எங்கள் கதையோ என்று நினைத்தேன்.

எங்களிடம் 17 சதவீத ஈரம் வரை நெல் வாங்கலாம், மழைக்காலத்தில் தளர்த்தி உத்தரவு வந்தால் அதற்கு மேலும் வாங்குவோம். மூட்டைக்கு 40 கிலோ எடை போட்டுத் தைத்து அடுக்கிவிடுவோம். அப்புறம் லாரி வரணும். லாரியை அனுப்புவது என் வேலை இல்லை, என் மேலாளர் கையிலும் முழுக்க இல்லை, ஒப்பந்தக்காரர் கையில். சில நாள் வரும், சில சமயம் வாரக்கணக்கில் வராது. அடுக்கு வெயிலில் நிற்கும். வெயிலில் நின்றால் காயும், காய்ந்தால் எடை குறையும்.

கணக்கு சொல்கிறேன். 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ நெல் 15 சதவீதத்துக்குக் காய்ந்தால், உள்ளே இருக்கிற காய்ந்த பொருள் மாறாது, தண்ணீர் மட்டும் போகும். மூட்டை 39.06 கிலோவுக்கு வந்து நிற்கும். மூட்டைக்குச் சுமார் 940 கிராம். ஆயிரம் மூட்டைக்கு 940 கிலோ. ஒரு நெல்லும் திருடு போகவில்லை, எலி தின்னவில்லை. கிடங்கில் எடை போட்டுவிட்டுக் குறைவு என்பார்கள். ஏதோ கொஞ்சம் தள்ளுபடி உண்டு, அதற்கு மேல் எழுத்தர், உதவுபவர், காவலர் தலையில். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மழையில் ராத்திரி முழுக்க நின்ற காவலருக்கும் அதில் பங்கு.

இதில் எனக்கு வந்த கண்காணிப்பாளர்கள் இரண்டு ரகம். ஒருவர், "எனக்கு ஒன்றும் தெரியாது, கணக்கை நேர் பண்ணு" என்பவர். நேர் பண்ணு என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். விவசாயி தராசில் ஏமாறுவது அங்கேதான் தொடங்குகிறது. மேலே பிழிகிறவர் கீழே கையை அசிங்கப்படுத்துகிறார், அப்புறம் கை அசிங்கம் என்று அவரே ரெய்டு வருகிறார். இன்னொருவர் ஒரே ஒரு பருவம் இருந்தார். லாரி வராத ஒவ்வொரு நாளும் அடுக்கில் நாலு மூட்டையை எடுத்து மறு எடை போட்டு, ஈரம் பார்த்து, தேதியோடு எழுதி மேலே அனுப்பச் சொன்னார். அவரும் கையெழுத்துப் போட்டார். அந்தப் பருவத்தில் என் கூலியில் பிடித்தம் கம்மி. அவரை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். மாற்றவில்லை, அவராகத்தான் சொந்த ஊர்ப்பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.


உமி அடுப்பு
செவ்வாய், இரவு 8.30

எல்லாரும் தொழிலாளி பக்கம், அதிகாரி பக்கம் பேசிவிட்டீர்கள். நான் மில் வைத்திருப்பவன். கோரையாறு வேலை பார்க்கிற மில் இல்லை, பயப்படவேண்டாம்.

ஆறப்போடாமல் ஓட்டச் சொன்னது முட்டாள்தனம். 18க்குக் கீழே நெல் வேகமாகக் காயும்போது மேல்பக்கம் இறுகி உள்ளே ஈரம் நின்று மணியில் கீறல் விழுகிறது. பாலிஷர் போட்டால் அந்தக் கீறலில் ஒடியாமல் என்ன செய்யும்? நொய் விலைக்கும் முழு அரிசி விலைக்கும் உள்ள தூரம் எங்களுக்குத்தான் வலிக்கும். அந்த முதலாளி லாரி வாடகையை மிச்சம் பிடிக்கப்போய் அரிசியில் விட்டிருக்கிறார்.

ஆனால் இன்னொரு பக்கமும் சொல்லணும். நான் ராத்திரி மில்லில் இருப்பதில்லை. காலையில் வந்து "ஏன் உடைந்தது" என்று கேட்டால் சூப்பர்வைசர் "தெரியலீங்க ஐயா, நெல்லு அப்படி" என்பார். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற எண்ணம். நெல்லும் சரியாக இருந்திருக்கும், டிரையரும் சரியாக இருந்திருக்கும், ஒருத்தர் தூங்கியிருப்பார். எங்கே கோளாறு என்று தெரியாமல் நான் பாய்லர்காரனை மாற்றினேன், பர்னர் மாற்றினேன், வீண் செலவு. நான் பேர் கேட்பது எல்லா நேரமும் அபராதம் போட இல்லை. அடுத்த லோடு உடையக் கூடாது என்றுதான்.

என் மில்லில் இப்போது டிரையருக்குத் தனி நோட்டு. மணிக்கு மணி காற்றுச் சூடு, ஈரம். ஆறப்போட்ட நேரம், மறுபடி ஏற்றிய நேரம். நான் அவசரப்படுத்தினால் அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதுகிறார்களா என்றால், முதல் மாதம் ஒருத்தரும் எழுதவில்லை. "முதலாளி அவசரம்" என்று முதல் தடவை எழுதிய பையனுக்கு நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தபின்தான் மற்றவர்கள் எழுதினார்கள்.


பாமணி
செவ்வாய், இரவு 8.55

ஒன்றும் சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம் ஐயா, கிண்டல் இல்லை. ஆனால் தூங்கினவர் ஏன் தூங்கினார் என்றும் கேளுங்கள். அறுவடை நேரத்தில் 12 மணி நேர ஷிப்ட் போடாத மில் எத்தனை?


உமி அடுப்பு
செவ்வாய், இரவு 9.02

என் மில்லும் போடுகிறது. ஆள் கிடைக்கவில்லை.


ஆய்வேடு
செவ்வாய், இரவு 11.40

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. நான் டெல்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்கிறேன், பேர் வேண்டாம். எங்கள் உலகத்தில் மேலே இருப்பவர் ஒரே ஒருவர், நெறியாளர். உதவித்தொகை மாதாமாதம் வருவதற்கு நான் வேலை செய்தேன் என்று உறுதிசெய்வது அவர் பக்கத்திலிருந்துதான் போகணும். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000. பணம் மத்திய அரசுப் பணம், ஆனால் கையெழுத்து அவருடையது. அதனால் அவர் மகனுக்கு டியூஷன், பேங்க் வேலை, ஊரிலிருந்து வருகிற உறவினரை ஜங்ஷனிலிருந்து அழைத்து வருவது எல்லாம் ஆய்வின் பகுதியாகிவிடுகிறது. எனக்கு முன்னால் சேர்ந்த அக்கா ஒருவர் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார். நெறியாளர் மோசமானவர் இல்லை, பாடத்தில் கரைகண்டவர். சொந்தப் பிள்ளை மாதிரி நினைக்கிறேன் என்று உண்மையாகவே சொல்வார். அதுதான் கஷ்டம். மறுத்தால் பிள்ளை மறுத்த மாதிரி வலிக்கும் அவருக்கு.

கடைமடை அக்கா, உங்கள் உறவு உங்களுக்கு உதவியது. எனக்கு அந்த உறவு மூச்சு முட்டுகிறது.


கடைமடை
புதன், காலை 7.15

தங்கச்சி, நீ சொல்வது சரி. எங்கள் ஊரில் உறவு நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே இருந்தது. அத்தை என்னைத் திட்ட முடிந்தது. உன்னால் அவரைத் திட்ட முடியாது. ஒரு பக்கம் மட்டும் உரிமை எடுத்துக்கொள்வதற்கு உறவு என்று பேர் வைத்துவிட்டால் வெளியே வரவே முடியாது.


பாமணி
புதன், காலை 7.40

ஆய்வேடு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் போட்ட விதிமுறையைப் படித்துப் பாருங்கள். ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கணும், ஒவ்வொரு பருவத்துக்கும் அதன் முன்னால் போய் ஆய்வு எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லணும். பல இடத்தில் டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடுகிற கூட்டம்தான். ஆனால் உங்கள் நெறியாளரைத் தவிர இன்னொரு பேராசிரியர் உட்காருகிற இடம் அது ஒன்றுதான். என்ன படித்தோம், எந்தத் தேதியில் அத்தியாயம் கொடுத்தோம், திருத்தம் எப்போது வந்தது என்பதை அங்கே எழுத்தில் வையுங்கள். பேங்க் வேலையைப் பற்றி அங்கே பேசவேண்டாம். அத்தியாயம் ஏன் தாமதம் என்று அவர்களே கேட்பார்கள்.

பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர் என்று அதில் ஒரு வரம்பும் இருக்கிறது. உங்கள் நெறியாளரிடம் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், சும்மா.


ஆய்வேடு
புதன், காலை 8.20

எண்ணிவிட்டேன். வரம்புக்குள்தான். எட்டுப் பேரில் கார் ஓட்டத் தெரிந்தது எனக்கு மட்டும், அதுதான் என் விதி. குழு விஷயம் பயன்படும், நன்றி. தனி இழை தொடங்குகிறேன், கோரையாறு அண்ணன் பிரச்சினை அப்படியே நிற்கிறது.


கோரையாறு
வியாழன், இரவு 11.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வடவாறு ஐயா சொன்ன மாதிரியே எழுதினேன். என் பேர் மேலே, பெரியப்பா பேர் கீழே, அவர் எச்சரித்தது, நான் போனில் சொன்னது, பதில். கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரொம்பப் படிச்சிட்டே" என்றார். பிடித்தம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, இதுவரை. சனிக்கிழமை கூலி நாள், அன்றைக்குத்தான் தெரியும்.

நான் எதிர்பார்க்காதது பெரியப்பா. மேனேஜர் மூலமாகத் தெரிந்திருக்கிறது. டிரையர் பக்கம் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஒரு பீடி முடிகிற வரைக்கும் நிற்க வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்காகப் பேச நான் உன்னைக் கேட்டேனா? என் பேரை எழுதறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, இப்படி எழுதப்போறேன் பெரியப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதலாளிகிட்ட நானே வந்து சொல்லியிருப்பேன். அவருக்கு மில் வைக்கறதுக்கு முன்னாடியே என்னைத் தெரியும்." நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை ஒரு சின்னப் பையன் மாதிரி நான் காப்பாற்றியதாகத்தான் அவருக்குப் பட்டிருக்கிறது.

மறுபடி சரியாகிவிட்டார். இன்றைக்கு உமி அடுப்பு ஐயா சொன்ன நோட்டைப் போட்டோம். சூடு, ஈரம் நான் எழுதுகிறேன். கடித்துப் பார்த்து அவர் சொல்வதற்கு ஒரு பத்தி வேண்டும் என்றார், போட்டிருக்கிறேன். அதில் இன்றைக்கு மீட்டர் 14.2, அவர் "இன்னும் அரைமணி" என்று எழுதியிருக்கிறார். அரைமணி ஓட்டினோம்.


பத்து மா
வெள்ளி, காலை 6.20

பெரியவர் சொன்னது சரி. அவர் பேர், அவரைத்தான் முதலில் கேட்கணும். இதை நானும் சொல்லவில்லை, இங்கே சட்டம் பேசியவர்களும் சொல்லவில்லை.

சரி தம்பி, அடுத்த தடவை லாரி வந்து நிற்கும். நெல் தொட்டியில் ஆறிக்கொண்டிருக்கும். முதலாளி போன் பண்ணுவார். அப்போது என்ன செய்வீர்கள்? நோட்டையா காட்டுவீர்கள்?


கோரையாறு
வெள்ளி, காலை 6.48

அதையும் கேட்டுவிட்டேன் அண்ணே. ஆறுகிற நேரத்தில் லாரி வந்தால் நிற்கட்டும், காத்திருப்புக் காசு நான் தருகிறேன் என்று முதலாளி சொன்னார். நொய்க் கணக்கு அவருக்கும் உறைத்திருக்கிறது போல. வாய்ச்சொல்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை.


வடவாறு
வெள்ளி, காலை 7.05

இப்போதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். "ஐயா, நீங்கள் சொன்னபடி ஆறப்போட்ட நெல்லை லாரிக்காக முன்கூட்டி ஏற்றமாட்டோம், காத்திருப்பு வாடகை மில் கணக்கில்." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நீல டிக் விழுந்தால் போதும். பெரியப்பாவிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.